பின்னால் வந்த பெருக்கல்

மணி அடித்தாகிவிட்டது, வாட்ச்மேன் கேட்டையும் சாத்திவிட்டான், இனிமேல் நான் இங்கே நின்று என்ன கத்தினாலும் கோமதி காதில் விழாது, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது கத்தித்தான் என்ன, ஒரே ஒரு சொல், கூட்டுவதற்கு முன்னால் பெருக்கிவிடுட்டி என்று ஒரே ஒரு சொல், புளியங்குடியில் பஸ் ஏறி சங்கரன்கோவிலில் இறங்குகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வந்தோம், ஜன்னல் காற்றுக்கு அவள் முடி என் கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது, அப்போது சொல்லியிருக்கலாம், கேட் பக்கத்தில் நின்று செல்லையும் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் என் கையில் திணித்து, வாரேம்மா என்றாளே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேனா எடுத்தியா என்று கேட்டேன். ரெண்டு எடுத்திருக்கேன் என்றாள். தண்ணி? இருக்கு. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். முப்பத்தாறு வயதில் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள் என் மகள், பள்ளிக்கூடம் போகாதவர்கள் தனியாக எழுதுகிற பரீட்சை, தமிழ் முடிந்துவிட்டது, இங்கிலீஷ் முடிந்துவிட்டது, அதற்கெல்லாம் நான் வரவில்லை, சந்தையை யார் பார்ப்பது, இன்றைக்குக் கணக்கு, இன்றைக்கு மட்டும் நானும் வாரேன் என்று கிளம்பினேன், அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், சரி என்றாள். பத்து மணிக்கு உள்ளே, பன்னிரண்டு மணிக்கு வெளியே. எதிரே பூட்டிக் கிடக்கிற ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். கால் வீங்கியிருக்கிறது. செருப்பைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது, கழற்றாமல் இருந்தால் நரம்பு சுண்டி இழுக்கிறது, கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கே அலுப்பாக இருக்கிறது. கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "என்னக்கா, நீங்களும் பரீட்சையா, லேட்டா வந்துட்டீங்களா?" என்கிறான். வேறொரு நாளாக இருந்தால் அவன் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதில் ஆரம்பித்து அவன் பாட்டன் வரைக்கும் போயிருப்பேன். "ஆமா, நான் பெயிலு" என்றேன். அவன் சிரித்தான்.

நேற்று மத்தியானம் எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டியில் ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்தேன், அவள் குளிக்கப் போயிருந்தாள், பாய்மேல் அவள் கணக்கு நோட்டு கவிழ்ந்து கிடந்தது, எடுத்துப் பார்த்தேன், ஏன் எடுத்தேனோ, எழுத்தெல்லாம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், இலக்கம் நன்றாக வரும், எட்டு கூட்டல் இரண்டு பெருக்கல் ஆறு, அதற்கு அறுபது என்று போட்டிருந்தாள். அறுபது. எட்டும் ரெண்டும் பத்து, பத்தாறு அறுபது. என் கணக்கு. என் வாயிலிருந்து அவள் கைக்குப் போன கணக்கு. ஒரு மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் சரியாகத்தான் போட்டிருக்கிறாள் என்று பாயில் வைத்திருப்பேன். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் கடைக் கால்குலேட்டர் பேட்டரி தீர்ந்துபோய், அன்றைக்கு நாலு மூட்டை காலையில் வந்திருந்தது, ஆறு மூட்டை பின்னால் வந்தது, மூட்டைக்கு ஐந்நூறு பழம், சரி இந்தச் செல்லில் தட்டுவோம் என்று நாலு, கூட்டல், ஆறு, பெருக்கல், ஐந்து என்று தட்டினேன், முப்பத்திநாலு என்றது. ஐம்பது நூறு வர வேண்டிய இடத்தில் முப்பத்திநாலு நூறு. பதினாறு நூறு எலுமிச்சம்பழத்தை இந்தச் செல்லு தின்றுவிட்டதா. தட்டின விரலில் கோளாறு என்று மறுபடி தட்டினேன். முப்பத்திநாலு. நேராக ரசாக் கடைக்குப் போனேன், செல்லு விற்ற கடை, "ஏன் அண்ணாச்சி, பழுதான செல்லை என் தலையில கட்டினீரா" என்று மேஜையில் ஓங்கி வைத்தேன். ரசாக் அண்ணாச்சி நிதானமான மனுஷன், கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்னொரு செல்லை எடுத்துத் தட்டினார், முப்பத்திநாலு, தன் சட்டைப்பைச் செல்லை எடுத்துத் தட்டினார், முப்பத்திநாலு. "எல்லாத்தையும் ஒரே பய செஞ்சிருப்பான்" என்றேன். "இல்லக்கா, பெருக்கல்தான் மொதல்ல, கூட்டல் பெறவுதான், பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்கள்லா" என்றார். கடையே சுற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்கள்லா. புது பேட்டரி வாங்கிக் கால்குலேட்டரில் போட்டேன், அதே கணக்கைத் தட்டினேன், ஐம்பது என்றது. பத்து வருஷமாக என்னோடு இருக்கிறது அது, என்னைப் போலவே தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே வரும், பின்னால் என்ன வரப் போகிறது என்று காத்திருக்காது. ஒரு வழக்குக்கு ரெண்டு சாட்சி, ரெண்டும் ரெண்டு சொல்லுகிறது. எனக்கு வேண்டிய சாட்சி பழையது, அழுக்குப் பிடித்தது, ஐந்தாம் நம்பர் பொத்தான் தேய்ந்தது.

முதலில் சொன்னதை முதலில் முடி. எனக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான், இதையும் ஒருவரும் சொல்லித் தரவில்லை, அடி வாங்கிக் கற்றேன். லாரியோடு போன வீட்டுக்காரர் லாரியோடு எங்கேயோ நின்றுவிட்டார், கைப்பிள்ளையோடு மண்டி வாசலில் போய் நின்றேன், சொத்தைப் பழம் பொறுக்கிக் கூறு போட்டு விற்றேன், அப்போது ஒரு வியாபாரி, பேர் வேண்டாம், செத்துப்போனான், விலையை முதலில் ஒன்று சொல்லுவான், நடுவில் ஊர்க்கதை பேசுவான், கடைசியில் வேறொன்று சொல்லி அதுதான் பேச்சு என்பான், மூன்று தரம் அவனிடம் ஏமாந்தேன், நாலாம் தரம் அவன் முதல் சொல் சொன்னதும் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டேன், "முடிஞ்சுது, அடுத்த பேச்சு பேசும்" என்றேன். அன்றைக்குப் பிடித்த பிடி. பேச்சில் எது முன்னால் வந்ததோ அதை அடைத்துவிட்டு அப்புறம் அடுத்தது. பஸ்ஸில், ரேஷனில், ஆஸ்பத்திரியில், முன்னால் வந்தவன் முன்னால் போகட்டும், பின்னால் வந்து முண்டுகிறவனை நான் விட்டதே கிடையாது, பண்ணையார் மகனாக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். பெருக்கல் மட்டும் என்ன கொம்பா, கூட்டல் வரிசையில் முன்னால் நிற்கிறது, பாவம், தன் பாட்டில் நிற்கிறது, அதைத் தாண்டிக் குதித்து, நான் பெரியவன், எனக்கு முதல்ல போடு என்றால் போட்டுவிட வேண்டுமா. இப்படித்தான் நினைத்தேன். இப்போதும் இப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது, ஆனால் நினைப்புக்கு வேகம் இல்லை, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறது. முன்னெல்லாம் ஒரு கோபம் வந்தால் சாயங்காலம் வரை தாங்கும். இப்போது ஒரு வாக்கியத்துக்குள் தீர்ந்துபோகிறது. முப்பது வருஷம் ஏலம் கூவின தொண்டை, காலையில் எழுந்தால் எச்சில் முழுங்க வலிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கோமதிக்குக் கணக்குச் சொல்லித் தந்த வாத்தியார் பேர் சாமுவேல். ஒல்லியான மனுஷன், சட்டைக் கையில் சாக்பீஸ் தூள், சைக்கிளில் வருவார். அப்போது கோமதி ஆறாம் வகுப்பு. ஒரு நாள் வந்து, "எம்மா, எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். என்னவென்றால் வகுப்பில் கோலிக்குண்டு எண்ணச் சொல்லியிருக்கிறார், இவள் லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணியிருக்கிறாள். மண்டியில் அப்படித்தான் எண்ணுவோம், முதல் கையை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்றுதான் ஆரம்பிப்போம், முதல் சொல் விளங்க வேண்டும் இல்லையா, அவள் மூன்று வயதிலிருந்து என் மடியில் உட்கார்ந்து எண்ணினது அப்படித்தான். பிள்ளைகள் சிரித்திருக்கிறது, அவரும் சிரித்திருக்கிறார். எனக்கு அன்றைக்கே கோபம் பற்றிக்கொண்டது. அது புகைந்துகொண்டிருக்கும்போதுதான் இந்தக் கணக்கு வந்தது, நாலு கூட்டல் ஆறு பெருக்கல் ஐந்து, வீட்டுப்பாடம், அவள் முப்பத்திநாலு என்று போட்டிருந்தாள். நான் பார்த்தேன். "கூறுகெட்டவளே, நாலும் ஆறும் பத்து, பத்தஞ்சு அம்பது, மண்டிக்காரி மவளுக்கு இது தெரியலையா" என்று எச்சிலைத் தொட்டு என் விரலாலேயே அழித்தேன், தாள் நைந்துபோய் ஓட்டை விழுந்தது, ஓட்டைக்குப் பக்கத்தில் ஐம்பது என்று எழுதச் சொன்னேன். "சார் அப்படித்தாம்மா சொல்லித் தந்தாரு" என்றாள். "சாரு எத்தனை மூட்டை வித்திருக்காரு" என்றேன். எழுதினாள். மறுநாள் அவர் அதைச் சுழித்து முட்டி மேல் பிரம்பால் ரெண்டு வைத்துவிட்டார், பெரிய அடியெல்லாம் இல்லை, இப்போது சொல்லுகிறேன், பெரிய அடி இல்லை. நான் மடியில் எலுமிச்சம்பழத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் மேஜையில் நாலு பழம் வைத்தேன், ஆறு பழம் வைத்தேன், "இது எத்தனை, பத்தா இல்லையா, இது மாதிரி அஞ்சு எத்தனை" என்றேன். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. ஒரு தாளை எடுத்து என் கணக்கை எழுதி, நாலையும் ஆறையும் சுற்றி இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு போட்டு, "இப்படிப் போட்டா நீங்க சொல்றது சரிம்மா, அம்பதுதான்" என்றார். ரெண்டு கோடு இழுத்து எனக்குச் சரி என்று பிச்சை போடுகிறாரே என்று தாளைக் கிழித்தேன். "சரி, பழத்துலயே பாப்போம்" என்று நாலு பழத்தைத் தனியாக ஒதுக்கினார், "இது நாலு தனி, இனி கைக்கு அஞ்சா ஆறு கை வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எல்லாப் பழத்தையும் மடியில் வாரிப் போட்டு, மூன்றாவது பெஞ்சிலிருந்து கோமதியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பையை எடுக்கவிடவில்லை. பை பத்து நாள் அங்கேயே கிடந்து, அவர்தான் சைக்கிளில் கொண்டுவந்து வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். நான் உள்ளேயிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை.

நாலு தனி, ஆறு கை. இந்தப் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், இருபத்தைந்து வருஷம் கழித்து, அந்த மனுஷன் பாதியில் நிறுத்தினதை. உதிரி நாலு, கை ஆறு, முப்பத்திநாலு. அடக் கடவுளே, இதை நான் தினமும் சொல்லுகிறேனே. மண்டியில் ஒரு கை என்றால் ஐந்து பழம், கையில் அடங்காமல் கூடையோரத்தில் உருளுகிறது உதிரி, "உதிரி நாலு, கை ஆறு, முப்பத்திநாலு" என்று ஒரு நாளைக்கு நூறு தரம் கூவுகிறேன், கோமதி "கட்டு" என்கிறாள், உதிரி முதலில் வாயில் வருகிறது என்பதற்காக உதிரியையும் கையையும் கூட்டிப் பத்து கை என்று எந்த மடையனாவது சொல்லுவானா, சொன்னால் நானே அவனை மண்டியை விட்டு விரட்டியிருக்க மாட்டேனா. வாயால் சொல்லும்போது சரியாகச் சொல்லுகிற சிறுக்கி, தாளில் எழுதினால் மட்டும் குருடியாகிவிட்டேன். காலையில் வந்த நாலு மூட்டை, பின்னால் வந்த ஆறு மூட்டை, அது வேறு கணக்கு, அங்கே எல்லாம் மூட்டை, அதற்குத்தான் அந்த ரெண்டு வளைவு போல. இது உதிரிக் கணக்கு. ரெண்டுக்கும் ஒரே உடுப்புப் போட்டு நிறுத்தினால் எனக்கு எப்படித் தெரியும். தெரிந்திருக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் அந்த மேஜைக்கு முன்னால் நின்றிருந்தால், என் பழம், என் கை, என் வாய், எல்லாம் அங்கேயேதான் இருந்தது, தெரிந்திருக்கும். அஞ்சு நிமிஷம் நிற்கவில்லை, அந்தப் பிள்ளை இருபத்தைந்து வருஷம் மண்டியில் நின்றுவிட்டது.

மணி என்ன. அவள் செல்லைப் பிதுக்கிப் பார்த்தால் பத்து ஐம்பத்திரண்டு. இந்நேரம் அந்தக் கணக்கு வந்திருக்குமா. வராமலே போகலாம். வந்தால் எத்தனை மார்க்கு இருக்கும், ஒன்றா, ரெண்டா, ஒரு கணக்கில் வந்தால் போகட்டும், அது எல்லாக் கணக்குக்குள்ளும் புகுந்துகொள்ளுமே, கூட்டலும் பெருக்கலும் சேராத கணக்கு உண்டா, அடியில் ஒரு செங்கல் கோணல் என்றால் சுவர் முழுக்கக் கோணல். எழுந்தேன். கால் தரையில் பாவவில்லை. வாட்ச்மேனிடம் போய், "அண்ணே, உள்ள என் மவ எழுதுதா, பச்சைச் சேலை, ஒரே ஒரு சொல்லு சொல்லணும்" என்றேன். "என்ன சொல்லு?" "பெருக்கிட்டுக் கூட்டச் சொல்லணும்." அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யக்கா, பிட்டு பாஸ் பண்ணுறதுக்கு என்னையவே தூது விடுதீங்களா? முப்பது வருசத்துல துண்டுச்சீட்டைப் பாத்திருக்கேன், தொடையில எழுதிட்டு வந்ததைப் பாத்திருக்கேன், வாட்ச்மேன் வாயில குடுத்துவிடுறதை இப்பத்தான் பாக்கேன்." "பிட்டு இல்லைய்யா, நான் அவளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன், அதைத் திருப்பி எடுக்கணும்." "அதெல்லாம் நேத்தே எடுத்திருக்கணும்" என்றான். அவன் குத்திச் சொல்லவில்லை, சும்மா சொன்னான், பல்குச்சியை மாற்றிக் கடித்துக்கொண்டு சொன்னான். கையை ஓங்கத்தான் வந்தது. ஓங்கின கையால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பி சுட்டது. திரும்பி வந்து படியில் உட்கார்ந்தேன்.

நேற்றே எடுத்திருக்கணும். நேற்று ஏன் எடுக்கவில்லை. அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள், நோட்டைப் பழையபடி கவிழ்த்து வைத்திருந்தேன், சோறு போட்டேன், அவள் சாப்பிடுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் வரைக்கும் வந்தது, சொன்னால் அன்றைக்கு நான் அழித்தது தப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது வரவில்லை, கௌரவம், அவ்வளவுதான் என்று நேற்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதானா. இதுதான் நாலு நாளாக முள் மாதிரி உறுத்துகிறது, நாலு நாள் எங்கே, நேற்றிலிருந்துதான், நேற்றிலிருந்து நாலு நாள் மாதிரி இருக்கிறது. அவள் இந்தப் பரீட்சையில் தேறினால் தாலுகா ஆபீசில் உதவியாளர் வேலைக்கு மனுப் போடப் போகிறாள். பைல் தூக்குகிற வேலை. போன தையில் சொன்னாள். "மண்டியில உனக்கு என்ன கொறைட்டி" என்று கேட்டேன். அவள் பழத்தை எண்ணிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "கொறை ஒன்னும் இல்லம்மா, சத்தம் போதும்னு இருக்கு" என்றாள். லாரிச் சத்தமா, ஏலச் சத்தமா, எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். தேறிவிட்டால் போய்விடுவாள், காலையில் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, ஒருவரும் கத்தாத ஒரு கட்டடத்துக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள், நான் மண்டியில் உதிரி நாலு கை ஆறு என்று கூவினால் கட்டு என்று சொல்ல ஆள் இருக்காது. தோற்றால் இருப்பாள். அந்த அறுபதைப் பார்த்ததும் என் நெஞ்சில் முதலில் வந்தது என்ன, ஐயோ என்றா, அப்பாடா என்றா. எது முதலில் வந்தது. முதலில் வந்ததை முதலில் முடி என்கிறவள்தானே நீ, சொல்லு பார்ப்போம். தெரியவில்லை. ரெண்டும் சேர்ந்துதான் வந்தது. இல்லை. அப்பாடாதான் கொஞ்சம் முன்னால் வந்தது. கொஞ்சம்தான். ஒரு அரை மூச்சு.

தெருக்கோடியில் கோயில் கோபுரம் தெரிகிறது, கோமதி அம்மன், அவள் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்தேன். இங்கேயிருந்தே கையைக் குவித்தேன். என்ன கேட்பது, பிள்ளை தேற வேண்டும், தேறினாலும் என்னோடேயே இருக்க வேண்டும், ஒரு விலைக்கு ரெண்டு சரக்கு, என்னிடம் எவனாவது இப்படி வந்து நின்றால் என்ன சொல்லி அனுப்புவேன். பேரம் பேசாமல் ஒரு பொருளை நான் வாங்கினதே இல்லை, அடித்துக் கேட்காமல் ஒரு விலையை ஒத்துக்கொண்டதே இல்லை, இன்றைக்கு முடியவில்லை. ஒன்று கொடு ஆத்தா, அவள் கேட்கிறதையே கொடு. விலை நீ சொன்னபடி. கையை இறக்கிவிட்டேன். தோள்பட்டை விண்விண் என்றது. வெயில் படியின் பாதி வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தேன், கடலை மிட்டாய்ப் பொட்டலம் கையில் பிசுபிசுத்தது, ஒன்றை எடுத்து வாயில் போட்டேன், கடைவாய்ப் பல்லால் கடிக்க முடியவில்லை, அப்படியே ஒதுக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன், மூடினால் தாளில் அந்த ஓட்டை, சுற்றி ஈரம், ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்தில் ஐம்பது, அந்த சைபர் மட்டும் சரியாக மூடாமல் திறந்திருந்தது.

மணி அடித்தான். கேட்டைத் திறந்தான். வருகிறார்கள். லாபம், ஒரு கிழவர், கையில் ஸ்கேல். ரெண்டு, மூணு, ரெண்டு பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு. நாலு. அஞ்சு, டிரைவர் காக்கி. ஆறு. ஏழு, எட்டு. பச்சை இல்லை. ஒன்பது, பத்து, ரெண்டு கை. பதினொன்று. எழுந்து நின்றேன், நின்றால் எட்டிப் பார்க்கலாம். பதினாறாவது ஆளாக வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, மண்டியில் கற்ற முகம், வாங்க வந்தவனுக்கு நம் மனசு தெரியக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "நிழல்ல இருந்தியா?" என்றாள். "இருந்தேன். எப்படிட்டி?" "எழுதியிருக்கேன்." ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தோம். நான் என் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "கூட்டலும் பெருக்கலும் கலந்த கணக்கு வந்துச்சா?" அவள் நடையில் ஒரு எட்டு தப்பினது. "வந்துச்சு. ரெண்டு." "என்ன போட்ட?" "மொதல்ல ஒன் கணக்கத்தான் போட்டேன். பெறவு குறுக்க ஒரு கோடு இழுத்துட்டு அவங்க கணக்கப் போட்டேன்." எனக்குப் புரியவில்லை, நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். "எனக்குக் கை தானா ஒன் கணக்குக்குத்தான் போவுது. என்ன செஞ்சாலும் போவுது. அதனால எல்லாக் கணக்கையும் ரெண்டு தடவை போடுவேன். மொதல்ல ஒன்னுது, அது வெளிய வந்துட்டுன்னா பெறவு கை சொன்னபடி கேக்கும்." "அப்ப நோட்டுல அறுபதுன்னு..." "அடுத்த பக்கம் திருப்பலையா? இருபதுன்னு போட்ருப்பேன்." திருப்பவில்லை. நான் எதைத்தான் அடுத்த பக்கம் வரை பார்த்திருக்கிறேன்.

"பாத்தேன்ட்டி. பாத்துட்டுத்தான் சொல்லலை." சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள். "நான் கிழக்கப் பாத்துக் கவுத்து வச்சிருந்தேன். நீ மேக்கப் பாத்து வச்சிருந்த." அப்புறம், கோபமே இல்லாமல், சாமுவேல் வாத்தியார் பேசினது போலவே பேசினாள், "பஸ்ல சொல்லுவன்னு பாத்தேன். எறங்குற வரைக்கும் பாத்தேன்." முக்கால் மணி நேரம். என் பக்கத்தில் உட்கார்ந்து, முடி என் கன்னத்தில் அடிக்க, நான் சொல்லுவேனா என்று முக்கால் மணி நேரம் காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். "அன்னைக்கு நீ போட்டதுதான் சரி" என்றேன், "முப்பத்திநாலு. நான்தான் அழிச்சேன்." குரல் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகம், ஏலம் கூவின குரல்தான், பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற அளவுக்குத்தான் வந்தது. அவள் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். "பஸ்ஸு வருது பாரு" என்றாள்.

வந்தது. கூட்டம். பழக்கதோஷம், பஸ் நிற்பதற்கு முன்னாலேயே முதல் ஆளாகப் படிக்குப் போய்விட்டேன், கம்பியைப் பிடித்துவிட்டேன், எனக்குப் பின்னால் நாலு பேர், நாலு பேருக்கும் பின்னால் கோமதி, அவள் முண்ட மாட்டாள், எப்போதும் கடைசியில்தான் ஏறுவாள். கண்டக்டர், "ஏறும்மா, ஏறு, படியில நின்னா எப்படி" என்கிறான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பின்னால் நீட்டி, நாலு பேரையும் தாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "இவ ஏறட்டும்." பின்னால் நின்ற மீசைக்காரன், "என்னம்மா இது, நாங்க மொதல்ல வந்தோம், அந்தம்மா பின்னால வந்தவங்க" என்றான். ஆமா, அவன் சொல்லுகிறது சரிதான், முப்பது வருஷமாக நான் சொல்லிக்கொண்டு வந்த பேச்சு. "ஆமாய்யா" என்றேன், "பின்னாலதான் வந்தா." படியை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றேன். அவள் ஏறினாள்.